முன்னுரையில் ஓர் இடைச்செருகல்

பாதிரியாரின் பென்சில் முன்னுரையின் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டது.

மேசைக்கு இந்தப் பக்கம் யோகராணி கைகளை மடியில் கோத்துக்கொண்டு அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் எட்டு வரி. எட்டாவது வரி அவளுடையது.

ஹார்டிங்ஹாம் பாதிரியார் மெல்பர்னில் அங்கிலிக்கன் குருமாரைப் பயிற்றுவிக்கும் கல்லூரி ஒன்றில் வேதாகம அறிஞர். பைபிளில் பவுல் கொலோசெயருக்கு எழுதிய நிருபம், சின்னக் கடிதம், அச்சில் நாலைந்து பக்கம்தான் வரும். அதற்கு உரை எழுத அவருக்குப் பதினொரு ஆண்டும் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் தேவைப்பட்டன.

அதில் படித்தவுடன் புரிகிற பத்தி ஒன்றே ஒன்றுதான். ஏழாம் அத்தியாயத்தின் கடைசிப் பத்தி. கல்லூரிக் கூட்டத்தில் அவர் அதை வாசித்தபோது பிஷப் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து யார் தேநீர் குடிக்க வந்தாலும் அந்தப் பத்தியைக் கேட்காமல் திரும்ப முடியாது.

பாதிரியாரின் தனித்திறமை இடைச்செருகலைக் கண்டுபிடிப்பது. ஆயிரத்து எண்ணூறு வருடங்களுக்கு முன் எவனோ ஒருவன், பிரதி எடுக்கும்போது யாரும் பார்க்கவில்லை என்று சொந்தச் சரக்கில் ஒரு வரி சேர்த்திருப்பான். இவர் 1978இல் மெல்பர்னில் உட்கார்ந்துகொண்டு அவனைக் கையும் களவுமாகப் பிடிப்பார்.

அப்படிப்பட்டவரின் முன்னுரையில்தான் அவருடைய தட்டச்சுக்காரி நேற்று ஒரு வரி சேர்த்திருந்தாள்.

எல்லாம் கோபத்தில் செய்த வேலை. முன்னுரையில் அவர் பிஷப்புக்கு நன்றி சொல்லியிருந்தார். மூன்று நூலகங்களுக்கு, மனைவிக்கு. குறிப்பு அட்டைகளின் மேல் படுத்து அவை காற்றில் பறக்காமல் காத்த பூனைக்குக்கூட நன்றி சொல்லியிருந்தார். அதே பூனை கையெழுத்துத் தாளில் தேநீரைக் கவிழ்த்து எழுத்தைக் கரைத்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாலு ஆண்டுகளாக ஒவ்வொரு பக்கத்தையும் நாலு தடவை தட்டச்சு செய்த யோகராணியைப் பற்றியும் இல்லை.

டண்டினொங் புறநகரில் தங்கள் வீட்டுக் குசினியில் சமைத்தபடி இதைச் சொல்லி அவள் அழுதபோது கணவர் இரத்தினசிங்கம் சிரித்தார்.

"நீர்தானே அடிக்கிறீர்? உம்மட பேரையும் சேர்த்து அடிச்சுவிடுமன்!"

அவர் பகிடிக்குச் சொன்னார். இவள் அடித்துவிட்டாள்.

இன்று காலை ரயிலில் வரும்போதுதான் புத்தி வந்தது. இந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்கும். கள்ளி என்ற பெயரோடு போவதைத்தான் அவளால் நினைக்க முடியவில்லை. அந்தப் பக்கத்தை மாற்றிவிடலாம் என்று ஓடிவந்தாள். பாதிரியார் முந்திக்கொண்டு மொத்தத் தாள்கட்டையும் சரிபார்க்க எடுத்துவைத்திருந்தார். ஐந்து மணிக்குள் அது லண்டன் பதிப்பகத்துக்குப் போகும் தபாலில் சேர வேண்டும். எல்லாம் பார்த்துவிட்டு அவர் முன்னுரைக்கு வர மணி நாலாகிவிட்டது.

பென்சில் நின்றது.

'திருமதி யோகராணி இரத்தினசிங்கம் இல்லாவிட்டால் இந்தப் புத்தகமும் இல்லை.'

பாதிரியாரின் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். தன் வாக்கியம் எதுவும் ஐந்து வரிக்குள் முடிந்ததில்லை, இது முடிகிறது. தன் வாக்கியம் எதுவும் ஒரு வாசிப்பில் புரியாது, இது புரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வரியால் யாருக்கு லாபம்? பிரதி எடுத்தவருக்கு.

யோகராணி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

அவர் அந்த வரியை வெட்டவில்லை. பக்கத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தார். பொடி எழுத்தில் ஏதோ எழுதினார். தாளை அவளிடம் தள்ளி, திரும்பத் தட்டச்சு செய்து தரச் சொன்னார்.

'இவ்வரி ஆசிரியருடையதன்று; பிரதி எடுத்தவர் சேர்த்தது. ஆயினும் உண்மை.'

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு சின்ன அடிக்குறிப்பை அடிப்பதற்குள் மூன்று தாள் வீணாயிற்று.

பார்சலைக் கட்டி எடுத்துக்கொண்டு அவள் கதவைத் திறந்தபோது பாதிரியார் தொண்டையைச் செருமினார். அவர் அவளைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழாம் அத்தியாயத்தில் இவன் தேநீர் கொட்டிய பக்கத்தில் நான் எழுதியிருந்தது வேறு. அந்தக் கடைசிப் பத்திக்கும் அடிக்குறிப்பு வேண்டுமா, மிஸஸ் இரத்தினசிங்கம்?"

யோகராணி பார்சலை மார்போடு அணைத்தபடி, யோசிப்பவள்போல் நின்றாள். தபால் நிலையம் மூட இன்னும் இருபது நிமிடம் இருந்தது.