பட்டென்று மாற்றும் கியர்பாக்ஸ்

ஒரு பழைய ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸ் பரம சாது. ஒவ்வொரு கியரையும் தயங்கித் தயங்கி, வழுக்கி வழுக்கித்தான் மாற்றும். காரை ஓட்டுபவர், "வெண்ணெய் மாதிரி போகுது" என்று மெச்சுவார். உள்ளே அந்த வழுக்கலின் சூட்டில் கிளட்ச் பிளேட்டெல்லாம் கருகிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

கடைசியில் ஒர்க்‌ஷாப்பில் பிளேட்டை மாற்றி, கியர் பட்டென்று விழும்படி முடுக்கிவிட்டார்கள். திரும்பி வந்த கியர்பாக்ஸுக்கு வாய் நீண்டுவிட்டது.

"இனிமே என்கிட்ட வழவழா கொழகொழா கிடையாது. வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டு!"

சக்கரத்தைச் சுற்றிவிடும் ஆக்சில் முனகியது. "அண்ணே, நீங்க பட்டுனு மாத்துறப்பல்லாம் இடி எனக்கு விழுது."

"நான் மனசுல எதையும் வெச்சுக்க மாட்டேன்டா. பாரு, உடம்புல சூடே இல்ல. இன்னும் பல வருஷம் ஓடுவேன்."

"நீங்க ஓடுவீங்க. நான்?"

"ஒளிவுமறைவு இல்லாம இருந்தா சிலருக்கு வலிக்கத்தான் செய்யும்."

அன்று மேம்பால ஏற்றத்தில் ஓட்டுபவர் பெடலை ஓங்கி மிதித்தார். கியர்பாக்ஸ் வெடுக்கென்று மாற்றியது. அடியில் 'டமார்' என்று ஒரு சத்தம். இன்ஜின் கத்தியது, கார் நகரவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனோடு சேர்த்து காரை ஓட்டியவரின் பரம்பரையையும் இழுத்தார்.

கியர்பாக்ஸ் தன்னைத் தடவிப் பார்த்துக்கொண்டது. "எனக்கு ஒரு கீறல்கூட இல்லியே! டேய் ஆக்சில், என்னடா ஆச்சு?"

ஆக்சிலின் இரண்டு பாதியிலிருந்தும் பதில் வந்தது.

"வெட்டு ஒண்ணுதான், அண்ணே!"