பாதி வந்த அழைப்பு
கெலிஓயாவில் ஒரு வீட்டின் முன்னறையில் தாஸிம் ஹாஜியாரும், மனைவி ஆஸியா உம்மாவும், மணப்பெண்ணான மகள் பஸ்லினாவும் இருக்கிறார்கள். வெளியே கம்பளை பஸ் ஒன்று இரைந்து போகிறது. பிரிண்டரின் வாயில் கல்யாண அழைப்பொன்று பாதி வெளிவந்து நிற்கிறது. மாப்பிள்ளையின் பெயர் தெரிகிறது, மகளின் பெயர் இன்னும் உள்ளே. செம்மஞ்சள் விளக்கு விடாமல் சிமிட்டுகிறது. “கறுப்பு மை நெறஞ்சி ஈக்கி, வாப்பா. மஞ்சள் முடிஞ்சிட்டாம். அதான் அடிக்குதில்ல.” “கறுப்பு எழுத்துக்கு மஞ்சள் என்னத்துக்கு?” “எழுத்து மங்கலா வருது எண்டு நீங்கதானே திரும்பத் திரும்பக் கிளீனிங் பட்டன அமத்தினீங்க! அதுதான் மையெல்லாத்தையும் குடிச்சிட்டு.” ஆஸியா உம்மா பெருமூச்சு விடுகிறார். “மை வாங்குற சல்லிக்கு இன்னொரு மெஷினே வாங்கலாம். அச்சுக் கடைக்குக் குடுங்களே.” “எங்கட ஊட்டு அழைப்ப எங்கட ஊட்டுலதான் அடிப்பம் எண்டு சம்பந்திக்கிட்ட சொல்லிட்டன். இப்ப எந்த மொகத்தோட கடைக்குப் போற?” ஹாஜியார் கதிரையில் முதுகு வளையாமல் அமர்ந்து தாளின் நுனியை இழுக்கிறார். அது வெளியே வரவுமில்லை, உள்ளே போகவுமில்லை. இன்னும் இழுத்தால் கிழிந்துவிடும் போலிருக்கிறது, விடாமல் பிடித்தபடியே இருக்கிறார். கைபேசி அடிக்கிறது. எடுத்துக் கேட்ட ஆஸியா உம்மா அதைக் காதிலிருந்து இறக்குகிறார். “சம்பந்தி. அழைப்பு இன்னும் வரல்லயே, கல்யாணம் நிண்டுட்டா எண்டு ஊர்ல கேக்குறாங்களாம்.” ஹாஜியார் தாளை விடாமல், கைபேசிக்கும் கேட்கும்படி சொல்கிறார்: “கல்யாணம் நிக்கல்ல. மை முடிஞ்சிட்டு.”