வலி காட்டாத முகம்

மருத்துவமனை வாசலில் இருந்த கேமரா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வலி இல்லை. எண் எண்பத்து நான்கு. உட்காருங்கள்" என்றது. எனக்கோ நெஞ்சைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

அதைக் குறை சொல்ல முடியாது. இருபது வருஷம் போக்கர் ஆடியே குடும்பம் நடத்தியவன் நான். நல்ல சீட்டு வந்தாலும், நாசமாய்ப் போன சீட்டு வந்தாலும் இட்லிமாவு மாதிரி ஒரே முகம்தான். கல்யாண ஆல்பத்திலும் அதேதான்.

"ஏங்க, கொஞ்சம் முகத்தச் சுளிங்களேன்," என்றாள் மனைவி பிரமிளா.

"வரமாட்டேங்குது பிரமி."

"ஊரையே ஏமாத்துனீங்க. இத ஏமாத்த முடியலயா?"

பல்லைக் கடித்து, கண்ணை இடுக்கிக் காட்டினேன்.

"நடிப்பு. எண் இருநூற்றுப் பத்து" என்றது கேமரா.

பிரமிளா மூடியிருந்த உள்கதவை அறைந்து அழ ஆரம்பித்தாள். கேமரா அவள் பக்கம் திரும்பியது. "கடும் வலி." கதவு திறந்து, ஸ்ட்ரெச்சர் தானாக வந்து, அவளைப் படுக்கவைத்து பெல்ட் போட்டது.

"எனக்கில்ல, அவருக்கு," என்று அவள் கத்தக் கத்தக் கதவு மூடிக்கொண்டது.

எனக்கு மூச்சு விட்டுவிட்டு வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொண்டாட்டிய அப்படித் தூக்கிட்டுப் போறாங்க, நீங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே சார்."