பூட்டு விழுந்த கை

"ஐயையோ, பாவு! பாவு!"

ஆரணியில் அந்தத் தெருவே அலறியது. எழுபத்தெட்டாம் வருஷம். தறியில் ஏற்றும் முன் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பட்டு நூல் பாவு, மூன்று கல்யாணப் புடவைக்கானது. அதை நோக்கி, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வந்தது தேவிகாபுரத்துக் காளை. யானைக்குட்டி உயரம். குறைத்துத்தான் சொல்கிறேன்.

பாவின் முனையைப் பிடித்திருந்த பச்சையம்மாள் அப்படியே உறைந்து நின்றாள்.

"ஐயோ, என் பாவு!" என்று பாய்ந்தான் அவள் புருஷன் வேணுகோபால். கொம்பைப் பிடித்து ஒரு திருகு. காளை மண்டியிட்டது.

பாவு தப்பியது. தெருவே அவனைச் சுற்றிக் கூடியது. காளைக்காக அல்ல.

பிடித்தது வலது கை! இரண்டு வருஷத்துக்கு முன் கூரை உத்தரம் விழுந்ததிலிருந்து சோற்றுக்குக்கூட எழும்பாத கை. அன்று முதல் தறியில் நெய்கிறவள் பச்சையம்மாள்தான்.

"அடப்பாவி!" பக்கத்து வீட்டு தருமன்தான் முதலில் சீறினான். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். "நாடகமாடா ஆடினே? கிணத்தங்கரையில வுழுந்து முன்பல்லு மூணும் போனவ, பாவம்! அவள தறியில ஒக்கார வச்சிட்டு, நீ குந்திகினு துன்னியா?"

"சத்தியமா தெரியாது தருமா! எப்படித் தூக்கிச்சின்னே புரியல. பாரு, மறுபடி தொங்குது!"

"நட, டாக்டர்கிட்ட!" தருமன் அவனை இழுத்துப் போக, பச்சையம்மாளும் பின்னாலேயே போனாள்.

டாக்டர் ஜினசந்திரன் கையை மடக்கிப் பார்த்தார். "ஏமாத்தலய்யா. எலும்பு எப்பவோ கூடிடுச்சி. மறுபடி அடிபடுமோன்னு மூளை பயந்துகினு, கைக்குப் பூட்டு போட்டு வச்சிருக்கு. இவரே நெனச்சாலும் தூக்க விடாது. காளையப் பார்த்த அவசரத்துல பூட்டு தெறந்துடுச்சி."

"வைத்தியம்?" என்றான் வேணுகோபால்.

"தெனம் பத்து தடவை தறியில ஊடுநூல ஓட்டுற நாடாக் கயிற இழுத்தா போதும். மாசத்துல பழைய பலம் வந்துடும். எலும்பு கூடினப்பவே சொன்னேனே!"

"யார்கிட்ட?"

"மாத்திரை வாங்க வந்த இந்தம்மாகிட்டதான்."

எல்லோரும் பச்சையம்மாளைப் பார்த்தார்கள்.

"அடிப்பாவி! ஏன்டி மறைச்சே?" வேணுகோபால் கத்தினான். கத்தின வேகத்தில் வலது கை, டாக்டர் கண்ணெதிரே, ஓங்கிக்கொண்டு எழும்பியது.

பச்சையம்மாள் ஓரடி பின்வாங்கினாள்.

"நான் கிணத்தங்கரையில வுழவே இல்லீங்க, டாக்டர். நம்பலன்னா தருமண்ணனைக் கேளுங்க. அந்தக் கை தொங்குறதுக்கு முந்தி எட்டு வருஷம், சுவத்துக்கு அந்தண்ட ஒவ்வொரு அடியும் அவருக்குக் கேட்டுச்சே!"