கழித்த காய்கள்

காமயகவுண்டன்பட்டித் திராட்சைப் பந்தலுக்குள் காலை வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. மற்ற காய்கள் பருக்கட்டும் என்று, வேல்விழி அண்ணாந்தபடி ஒவ்வொரு கொத்திலும் பொடிக்காய்களைக் கத்தரித்துக் கழிக்கிறாள். நட்சத்திரங்களை ஆராயும் தம்பி மதன்குமார் விடுமுறைக்கு வந்திருக்கிறான். "சின்ன நட்சத்திரக் கூட்டத்துல ஒண்ணு மட்டும் எப்படிக்கா அம்புட்டுப் பெருசாகுது? எல்லாத்துக்கும் பொதுவா இருக்குற வாயு நடுவுல உள்ளதுக்கே போயிருது. மத்ததெல்லாம் வளராம நின்னுருது" என்கிறான் உற்சாகமாக. கத்தரி நிற்கிறது. பச்சைக் காயொன்று அவன் செருப்பில் பட்டு உருள்கிறது. அவனைக் கம்பத்தில் விடுதிப் பள்ளியில் சேர்த்த வருடந்தான், அவளும் இரு தங்கைகளும் படிப்பை விட்டுப் பந்தலுக்கு வந்தார்கள். அவள் அடுத்த கொத்தைப் பிடிக்கிறாள். "நாங்களா நிக்கலடா. அப்பா நிறுத்துனாக."