இன்னும் ஒருத்தர்

லிஃப்டில் நான் கால் வைத்தாலே மணி அடிக்கும். "ஒருத்தர் இறங்குங்க" என்பார் காவலாளி. எல்லோரும் என்னையே பார்ப்பார்கள். இறங்குவேன்.

எடை குறைக்கும் மாத்திரை, பவுடர் என்று எதையும் நான் விட்டுவைக்கவில்லை. ஒன்று போடச் சொன்னால் மூன்று விழுங்கினேன். முடி கொட்டியது, கை நடுங்கியது. கொட்டட்டும், நடுங்கட்டும். உடம்பு பாதியாகிவிட்டதே! தையல்காரி நான், என் சட்டைகளை நானே பிடித்துத் தைத்து மாளவில்லை. "ஊதினா பறந்துடுவேடி, போதும் நிறுத்து" என்று அழுதாள் அக்கா.

இன்று காலை ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு சத்தமில்லாமல் போன லிஃப்ட், காலியாகத் திரும்பி வந்தது. தனியாக ஏறினேன். மணி அடித்தது. அழுகையை அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன். காலி லிஃப்டில் மணி நிற்கவில்லை.

போனிலிருந்து தலை நிமிராமலே காவலாளி சொன்னார்: "இன்னும் ஒருத்தர் இறங்குங்க."

மணி நின்றது.