நடுரோட்டில் உட்கார்ந்த லாமா

பெரு நாட்டு மலையில் ஓர் ஆற்றின்மேல் புதுப் பாலம் வந்தது. ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். அன்றிலிருந்து பாலத்துக்குக் கொஞ்சம் பெருமை.

ஒரு நாள் உருளைக்கிழங்கு மூட்டை சுமந்து வந்த, ஒட்டகச் சாதியைச் சேர்ந்த லாமா ஒன்று பாலத்தின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டது. பாரம் கூடிப்போனால் லாமாக்கள் அப்படித்தான். சுமையைக் குறைத்தால்தான் எழுந்திருக்கும்.

"ஏய், நடுரோட்டுல உட்கார்றியே, வெட்கமா இல்ல? லாரி ஏறினாக்கூட நான் முனகினது உண்டா?" என்றது பாலம்.

"முடியலன்னா முடியலன்னு சொல்லிட்டுப் போறேன். அதுல என்ன?" என்றது லாமா.

மழைக்காலம் வந்தது. வெள்ளம் அடிமண்ணை அரித்ததில் பாலத்தின் கால் ஒன்று ஆட்டம் கண்டது. வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமே என்று பாலம் வாயைத் திறக்கவில்லை.

சந்தை நாளன்று பிள்ளைகுட்டிகளோடு பஸ் ஒன்று நிறைந்து வந்தது. ஓரமாக லாமா மேய்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, என்னால முடியல," என்றது பாலம், மெதுவாக.

லாமா ஓடிவந்து பஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது.

டிரைவர் இறங்கி வந்தார். "முதுகுல ஒரு மூட்டைகூட இல்ல. நடுரோட்டுல உட்கார்றியே, வெட்கமா இல்ல?"

பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். லாமா அசையவில்லை. சுமையில்லாத லாமா ஏன் உட்கார்ந்தது என்று டிரைவருக்கு அப்புறம்தான் உறைத்தது. குனிந்து பாலத்தின் காலைப் பார்த்தவர், எல்லாரையும் இறங்கச் சொன்னார்.

அந்தத் திட்டு தனக்கு வரவேண்டியது என்று சொல்ல, அப்போதும் பாலத்துக்கு வாய் வரவில்லை.